சி. ஜே. வாக்கர் அம்மையார்

மதுரைமாநகரிலே புலவர் கூடித் தமிழாய்ந்த காலத்தில், மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்னும் ஐயம் பாண்டியன் ஒருவனுக்குத் தோன்றிற்றென்றும், அதுபற்றி இறைவனுக்கும் நக்கீரனாருக்கும் பெருவழக்கு நிகழ்ந்ததென்றும் திருவிளையாடற் புராணம் கூறும். ஐவகையாக முடிக்கும் வழக்குப்பற்றிக் கூந்தலை ஐம்பால் என்றே வழங்கினர் நம் முன்னோர். விரித்த கூந்தலோடு பாஞ்சாலி சூளுரைத்ததும், தலைவிரி கோலமாய்க் கண்ணகி பாண்டியன் அவை புக்கதும் நாம் அறிவோம். கூந்தலைப் பற்றி இத்துணை விரிவாகப் பேசும் நூல்களை நாடோறும் பயிலும் நாம், அக்கூந்தலை இழந்து நாணி நின்ற ஒரு பெண்ணின் துயரத்தை எண்ணிப் பார்த்ததுண்டோ? அத்துயரத்தையே முதற்படியாகக் கொண்டு உயர்ந்த மாதரசி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தனர். 1919ஆம் ஆண்டில் மறைந்த சி. ஜே. வாக்கர் அம்மையாரே அவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி, லூயிசியானா என்றொரு மாகாணம் உளது. அங்குள்ள டெல்டா என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள், ஓவன் பிரீட்லவ், மினர்வா என்னும் இருவர்க்கும் மகளாய்த் தோன்றினர் இவ்வம்மையார். பெற்றோர் இட்ட பெயர் சாரா என்பதாம். அப்பெற்றோர் பருத்தித் தோட்டமொன்றில் அடிமைகளாய் உழன்றவர். ஆபிரகாம் லிங்கன் 1863ஆம் ஆண்டில் விடுதலை ஆணை பிறப்பித்தார். 1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரும் முடிவெய்தியது. ஆகலின் அக்குடும்பத்து மக்களுள் உரிமையோடு பிறந்த முதல் மகவு சாராவே. விடுதலை வந்ததேயன்றி வறுமை நீங்கிற்றில்லை. முன்னர் அடிமையாய்ப் பறித்த பருத்தியையே பின்னர்க் கூலிக்குப் பறித்தனர், அவ்வளவே வேற்றுமை. சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசற் காட்டில் மடி நிறையப் பருத்தி எடுக்கும் பெண்களைக் கண்டறிந்த நமக்கு அவ்வாழ்க்கையின் கடுமை விளங்காமற் போகாது.

சாரா ஏழாம் அகவையிலேயே தாய் தந்தையர் இருவரையும் இழந்தனர். தமக்கையின் வீட்டில் அண்டியிருந்தனர். ஆண்டும் தமக்கை கணவன் கொடியவனாய் இருந்தமையின் நிழல் கிட்டவில்லை. பள்ளியிற் பயின்றது சில திங்கள் அளவே. அக்கொடுமையினின்று தப்பும்பொருட்டுப் பதினான்காம் அகவையில் மோசஸ் மக்வில்லியம்ஸ் என்பாரை மணந்தனர். 1885ஆம் ஆண்டில் லீலியா என்னும் பெண்மகவு பிறந்தது. சாராவுக்கு இருபது அகவை ஆனபோது கணவரும் இறந்தனர். கைக்குழந்தையுடன் நின்ற அவ்விளம்பெண், தம் உடன்பிறந்தார் சிலர் மயிர்வினைஞராய்த் தொழில் செய்துவந்த செயின்ட் லூயி நகரத்தை நாடிச் சென்றனர்.

அந்நகரில் சாரா மேற்கொண்ட தொழில் பிறர் ஆடை வெளுத்தலாம். கொப்பரையில் நீர் கொதிக்க வைத்து, காரம் மிக்க சவர்க்காரமிட்டுத் துவைத்து, வெந்நீராவியில் நாள் முழுதும் நின்று உழைத்து, ஒரு நாளைக்கு ஒன்றரை டாலர் அளவே ஈட்டினர். அப்பொருளிலும் சிறிது மிச்சம் பிடித்து மகளைப் படிக்கவைத்தனர். பின்னர் நாக்ஸ்வில் நகரத்துக் கல்லூரிக்கும் அனுப்பினர். அவர் சார்ந்திருந்த ஆப்பிரிக்க மெதடிஸ்டுத் திருச்சபையின் மாதர் சிலர் அவருக்கு ஆதரவாயினர். நன்கு உடுத்து, திருத்தமாகப் பேசி, தலை நிமிர்ந்து நடந்த அம்மாதரைக் கண்டபோதுதான் தாமும் அங்ஙனம் ஆதல் கூடும் என்னும் எண்ணம் சாராவின் உள்ளத்தில் வேரூன்றியது.

இந்நிலையில் அவருக்கு நேர்ந்தது ஒரு பெருந்துன்பம். தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிரத் தொடங்கிற்று. தலையின் சில பகுதிகள் வழுக்கையாயின. அந்நாளில் அந்நாட்டுக் கறுப்பின மகளிருள் இத்துன்பம் எய்தியோர் பலர். குழாய்நீர் இல்லாத வீடுகளில் தலைமுழுகுதல் அருகியே நிகழ்ந்தது; அதனாற் பொடுகும் புண்ணும் பெருகின. உணவும் போதியதாயில்லை. காரப்பொருள் கலந்த சரக்குகள் தலைத்தோலைச் சுட்டன. இவற்றோடு, சுருண்ட மயிரை நீளச் செய்யும்பொருட்டுச் சிறுசிறு கற்றைகளாகப் பிரித்து, நூலாலும் துணிக்கீற்றாலும் இறுகச் சுற்றிக் கட்டும் வழக்கமும் அவர்களிடை இருந்தது. சாராவின் மயிர் உதிர்ந்ததற்கு இவற்றுள் ஒன்றே காரணம் என்று துணிதற்கில்லை. தலைத்தோல் நோயே முதன்மையானது எனினும், ஏனையவும் அதனொடு கூடி நின்றன எனலாம்.

இறுகக் கட்டுதலால் மயிர் உதிருமோ என்று சிலர் வினவக்கூடும். உதிரும் என்பதே மருத்துவ நூலார் துணிபு. மயிர் ஒவ்வொன்றும் தோலினுள் ஒரு சிறு குழியில் வேர்கொண்டு நிற்கின்றது. அதனை மயிர்க்கால் என்கிறோம். நாற்றைப் பிடுங்காமல் நாடோறும் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டேயிருப்பின் அதன் வேர் தளர்வது போல, பின்னலும் கொண்டையும் ஓயாது இழுத்தலால் மயிர்க்கால் தளர்ந்து அழற்சி எய்துகின்றது. முதலில் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் சிறு கொப்புளங்களும் அரிப்பும் நோவும் தோன்றும்; பின்னர் மயிர் மெலியும்; அதன்பின் நெற்றி மேலேறும். தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்தினால் மயிர் மீண்டும் முளைக்கும். பல்லாண்டு கவனியாது விட்டால் மயிர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும். அதன்மேல் எந்தத் தைலமும் பயன்படாது. நம்மவர் இதனைப் புழுவெட்டு என்று மயங்குதல் உண்டு. புழுவெட்டு வட்டமாகத் திடீரெனத் தோன்றுவது. அது வேறு, இது வேறு.

இந்நோய் ஒரு நாட்டார்க்கோ ஓரினத்தார்க்கோ மட்டும் உரியதன்று. கிரீன்லாந்துத் தீவின் மகளிர் உச்சியில் இறுகக் குடுமி முடித்தமையால் நெற்றியோர மயிரை இழந்ததை 1907ஆம் ஆண்டிலேயே மருத்துவர் ஒருவர் எழுதியுள்ளார். தலைமயிரை இறுக முடியும் சீக்கியரிடத்தும் இது காணப்பட்டுள்ளது. ஆப்பிரிக்க மரபினரான மகளிருள் ஏறத்தாழ மூவருள் ஒருவர் இதனால் துன்புறுகின்றனர் என்பர். இனி, தன் மயிரைத் தானே பறித்துக்கொள்ளும் நோயும் ஒன்றுண்டு. 1889ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஹலப்போ அதற்குப் பெயரிட்டார். உள்ளத்தின் நெருக்கடியாற் கை தானே தலையை நாடுவது அது. அவ்வாறு செய்யும் பிள்ளையை அடிப்பதும் ஏசுவதும் அந்நெருக்கடியை மிகுவிக்குமேயன்றித் தணியாது.

இனிச் சாராவின் கதைக்கு மீள்வோம். மயிர்வினைஞரான உடன்பிறந்தாரிடம் தலைமயிரைப் பேணும் முறைகளைக் கேட்டறிந்தனர். கிட்டிய மருந்துகளை எல்லாம் பூசிப் பார்த்தனர். அக்காலத்தே ஆனி டர்ன்போ என்னும் மற்றொரு கறுப்பின அம்மையார் மயிர்த்தைலம் செய்து விற்றுவந்தார். சாரா அதனைப் பயன்படுத்தியதோடு, அதனை விற்கும் முகவராகவும் அமர்ந்தனர். பின்னாளில் இருவரும் தொழிற்பகைவர் ஆயினர் எனினும், சாரா இத்தொழிலின் அரிச்சுவடியைக் கற்றது அவரிடமே என்பதை மறைத்தல் தகாது.

1905ஆம் ஆண்டில் சாரா டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்குச் சமையல் வேலை செய்துகொண்டே, ஓய்ந்த நேரத்தில் தமக்கென ஒரு களிம்பை ஆக்கி அண்டை அயலார்க்கு விற்றனர். 1906ஆம் ஆண்டில் செய்தித்தாள் விளம்பரத் தொழிலில் ஈடுபட்டிருந்த சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பாரை மணந்தனர். அன்றுமுதல் வாக்கர் அம்மையார் என்பதே அவர்தம் பெயராயிற்று. களிம்பின் செய்முறையைத் தாம் ஒரு கனவிற் கண்டதாக அவர் கூறிவந்தார். கனவை நாம் ஆராய வேண்டுவதில்லை. களிம்பில் இருந்தவற்றுள் முதன்மையானது கந்தகம். சிவகாசியிலே மத்தாப்புக்கும் வெடிக்கும் சேர்க்கும் அதே கந்தகமே! தலைத்தோலின் பொடுகையும் சொறியையும் அகற்றும் ஆற்றல் அதற்குண்டு என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அதனோடு தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் போன்றவை கலந்திருந்தன.

களிம்பு மட்டுமே வேலை செய்தது என்று எண்ணுதல் பிழை. தலையை அடிக்கடி கழுவுக, தோலை மெல்லப் பிடித்துவிடுக, மயிரைத் தூய்மையாக வைத்துக்கொள்க என்று அம்மையார் வீடுதோறும் சென்று கற்பித்தனர். பல திங்களாய்த் தலைமுழுகாதிருந்தார்க்கு அக்கழுவுதலே பாதி மருந்தாயிற்று என்பதில் ஐயமில்லை. தம் தலையின் முன்னைய தோற்றத்தையும் பின்னைய தோற்றத்தையும் படமாக எடுத்து விளம்பரத்தில் வெளியிட்டனர். நாணி மறைத்த குறையை உலகறியக் காட்டித் தொழில் நடத்திய துணிவு அவருடையது.

1908ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க்கில் மகளின் பெயரால் ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1910ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலையும் தலைமை நிலையமும் அமைந்தன. கணவரோடு மனம் ஒவ்வாது 1912ஆம் ஆண்டளவில் மணவாழ்வு முறிந்தது, தொழிலோ தளரவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயின்று முகவராயினர். வெளுத்தும் சமைத்தும் வாரக் கூலியாகச் சில டாலரே கண்ட அப்பெண்கள், இப்போது தம் கைத்தொழிலால் வீடு வாங்கினர். மக்களைப் படிக்க வைத்தனர். 1917ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் அம்முகவர் மாநாடு கூடியபோது, மிகுதியாக விற்றவர்க்கேயன்றி, ஊர்க்கு மிகுதியாக அறம் செய்தவர்க்கும் அம்மையார் பரிசளித்தனர்.

இவ்வளவு உயர்ந்தும் பெண் என்னும் காரணத்தால் அவர் பட்ட சிறுமை சிறிதன்று. 1912ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் கறுப்பின வணிகர் மாநாடு நடைபெற்றது. தலைவர் புக்கர் வாஷிங்டன் பெருமகனார். அடிமையாய்ப் பிறந்து கல்விக்கூடம் கண்டவர். ஆயினும் அம்மையாருக்குப் பேச இடங்கொடுத்தாரில்லை. இறுதி நாளன்று அம்மையார் தாமே எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்து வெள்ளாவிக்கும், வெள்ளாவியிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து சொந்தத் தொழிற்சாலைக்கும் தாம் ஏறிவந்த படிகளை அவையோர் கேட்க எடுத்துரைத்தனர். மறு ஆண்டு மாநாட்டில் அவரை மேடைக்கு அழைத்தவர் அதே வாஷிங்டனே.

ஈட்டிய பொருளை அவர் பூட்டி வைத்தாரல்லர். இண்டியானாபொலிஸில் கறுப்பின இளைஞர்க்கெனக் கிறித்தவ வாலிபர் சங்கக் கட்டடம் எழுப்பியபோது 1,000 டாலர் வழங்கினர். கறுப்பினப் பெண்ணொருவர் அத்தகைய பணிக்கு அத்துணைப் பெருந்தொகை அளித்தது அந்நாளிற் பெருவியப்பாய்ப் பேசப்பட்டது. அந்நகரத்து நாடகக் கொட்டகையொன்று வெள்ளையர்க்கு 10 சென்டும் கறுப்பினத்தார்க்கு 25 சென்டும் கட்டணம் கேட்டபோது, அம்மையார் வழக்குத் தொடுத்தனர். 1917ஆம் ஆண்டில் கிழக்குச் செயின்ட் லூயி நகரில் கறுப்பின மக்கள் பலர் கொலையுண்டனர். அதனைக் கண்டித்து நியூயார்க் நகரில் ஆயிரக்கணக்கானோர் ஒலியின்றி ஊர்வலம் சென்றனர். அதன்பின் வெள்ளை மாளிகைக்கு முறையிடச் சென்ற தூதுக்குழுவில் அம்மையாரும் ஒருவர். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைக் காண நேரமில்லை என்று விடுத்தனர். 1919ஆம் ஆண்டில், மக்களைக் கூட்டமாய்ச் சேர்ந்து கொல்லும் கொடுமையை ஒழிக்கும் முயற்சிக்கு 5,000 டாலர் அளிப்பதாக அம்மையார் உறுதி கூறினர்.

அம்மையாரைக் குறைகூறினோரும் இருந்தனர். சுருண்ட மயிரை வெள்ளையர் மயிர்போல் ஆக்கும் ஆசையைத் தம் இனத்தாரிடை வளர்த்தார் என்பது அக்குறை. தாம் செய்வது தலைத்தோலைப் பேணுதலே, மயிரை நீட்டி நிமிர்த்தல் அன்று என்று அவர் மறுத்தனர். ஆயினும் சுடவைத்த இருப்புச் சீப்பால் வாரும் முறை அவர் பயிற்சியில் இடம்பெற்றது. அச்சீப்பை அவர் படைத்தாரல்லர். அஃது அவர்க்கு முன்னரே வழங்கியது. அவர் மறைந்து ஏறத்தாழ ஐம்பதாண்டு கழிந்தபின், 1968ஆம் ஆண்டில், சுடுசீப்பைப் பயன்படுத்திய மகளிருக்கு உச்சியில் நேரும் மயிரிழப்பை மருத்துவர் எழுதினர். அதன் உண்மைக் காரணம்பற்றிப் பின்வந்தோர் கருத்து வேறுபட்டனர் எனினும், மிகுந்த சூடு மயிருக்குத் தீங்கு என்பதை எவரும் மறுக்கவில்லை. மயிரிழந்தோர்க்கு உதவ எழுந்த தொழிலுள்ளும் மயிருக்கு ஊறு செய்யும் கருவி ஒன்று இருந்தமை எண்ணத்தக்கது. பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் இத்தகையவற்றை விடுத்துப் புகழ்மொழியே அடுக்குதல் அவர்க்குப் பெருமை தருவதன்று.

நியூயார்க்குக்கு அணித்தே ஹட்சன் ஆற்றங்கரையில், கறுப்பினச் சிற்பி வெர்ட்னர் டாண்டி வரைந்தபடி ஒரு மாளிகை கட்டி, 1918ஆம் ஆண்டில் அம்மையார் குடிபுகுந்தனர். அங்கு நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. குருதி அழுத்தமும் சிறுநீரக நோயும் முற்ற, ஓய்வு கொள்க என மருத்துவர் கூறியும் ஓயாது உழைத்த அவர், 1919ஆம் ஆண்டு மே திங்கள் 25ஆம் நாள், 51ஆம் அகவையில் உலக வாழ்வை நீத்தனர். தம் முயற்சியாலேயே பத்து இலட்சம் டாலர் ஈட்டிய முதல் அமெரிக்கப் பெண் என்று அவரைப் பலரும் போற்றுவர். இறந்தபின் மதிப்பிட்ட சொத்து ஆறு இலட்சம் டாலர் அளவினது என்பதையும் உடன் கூறுதல் முறை. வருங்கால ஆதாயத்தில் மூன்றில் இரு பங்கு அறப்பணிக்கு ஆகுக என்று அவர் விருப்பாவணம் பகர்ந்தது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

இவ்வரலாறு கடல்கடந்த நாட்டினது எனினும், நம் பகுதியார்க்கு அயலானதன்று. 1922ஆம் ஆண்டில் சிவகாசியினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, மழை பொய்த்த கரிசற்சீமைக்குப் பிழைப்பளித்தனர். விருதுநகரத்து மக்கள் வீடுதோறும் பிடியரிசி எடுத்துவைத்துச் சத்திரிய வித்தியாசாலையைப் பேணினர். காமராசர் பயின்ற பள்ளி அது. வறுமையினின்று தொழிலும், தொழிலினின்று அறமும் பிறத்தலை நம் ஊரிலேயே கண்டவர் நாம். ஆதலின் வாக்கர் அம்மையார் நமக்கு உறவினர் போல்வர்.

ஆயினும் அவர் வரலாறு நம்மை நோக்கிக் கேட்கும் வினா ஒன்றுண்டு. விடியலில் எழுந்து, எண்ணெய் தடவி, மயிர் ஒன்றும் சிலும்பாதபடி இழுத்து வாரி முடிந்து, தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் செல்லும் பெண்கள் நம் பகுதியிற் பலர். அவர்க்குத் தலைமயிரைக் கட்டுதல் அழகுக்கு மட்டுமன்று, பாதுகாப்புக்கும் வேண்டுவதே. பள்ளிச் சிறுமியரும் இரட்டைச் சடையை மடித்து நாடாவால் இறுகக் கட்டி வருகின்றனர். நெற்றி விண்ணென்று தெறிக்கப் பின்னினாற்றான் ஒழுங்கு என்று கருதும் அன்னையரும் ஆசிரியரும் இன்றும் உளர். வலிக்கிறது என்று பிள்ளை கூறினால், அசையாதிரு என்பதே பெரும்பாலும் விடையாகின்றது. அவ்வலி பொய்யன்று, மயிர்க்கால் விடுக்கும் எச்சரிக்கையே அது.

இதற்கு மருந்து கடைத்தெருவில் இல்லை, காசும் வேண்டா. பின்னலைச் சிறிது தளர்த்துக. வகிட்டை நாளுக்கு நாள் மாற்றுக. ஈர மயிரை இறுக்காதொழிக. கனமான பூச்சரத்தை ஒரே இடத்தில் நாடோறும் தொங்கவிடாதொழிக. இரவில் அவிழ்த்து உறங்குக. வேலையிடத்துக் கூந்தலை அடக்க வேண்டுமாயின், தளர முடிந்து மேலே துணியாற் போர்த்தினாற் போதும். நெற்றியோரம் மெலிந்தது கண்டால் தைல விளம்பரத்தை நாடாது மருத்துவரை நாடுக. ஒழுங்கு என்பது தூய்மையிலும் திருத்தத்திலும் உளதேயன்றி, ஒரு சிறுமியின் தலைநோவில் இல்லை.

நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆலை மேற்பார்ப்பவராகவும் அமையப்போகும் நம் கல்லூரி மாணவ மாணவியர் இதனைக் கருத்திற் கொள்வாராக. மயிரிழந்த பெண்ணைக் கண்டு நகைப்பாரின் நடுவே, அவளருகே அமர்ந்து காரணம் கேட்ட ஒருவராய் வாக்கர் அம்மையார் விளங்கினர். அவ்வினவுதலே அவர்தம் செல்வத்துக்கும் அறத்துக்கும் ஊற்றாயிற்று. அவ்வூற்று நம்மிடத்தும் சுரப்பதாக.